தேன்பெட்டியும் மாட்டுக் கயிறும்

(முன்னாள் மாணவர் கூடல் நாளன்று பிற்பகல் அமர்வில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுதித் தருகிறேன். பேசும்போது வாயில் வந்ததைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். கைதட்டல்களை மட்டும் எடுத்துவிட்டேன். அவை அதிகம் இல்லை.)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேராக 'தொழில்நுட்பமும் நாளைய உலகமும்' என்று அச்சாகியிருக்கிறது. செயலாளர் போனில் கேட்டபோது நானும் சரி என்றுதான் சொன்னேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் நாளைய உலகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் 2018 ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் இங்கே 2010-ல் மெக்கானிக்கல் முடித்தவன். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்களுக்குத் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர் மணல் கலந்த நிலம் இருக்கிறது. அப்பா இருந்தவரை மணிலாவும் எள்ளும் போட்டார். அவருக்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை விவசாயி ஆனேன். தை மாதம் தர்பூசணி விதை ஊன்றினால் சித்திரை வெயிலுக்குப் பழம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வழி நெடுகக் குவித்து வைத்திருப்பார்கள்.

தர்பூசணியில் ஒரு சங்கதி உண்டு. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, இரண்டும் ஒரே கொடியில்தான். பெண் பூ காலையில் விரிந்து அன்று பிற்பகலிலேயே மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ஆயுள். மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று தூக்கிப்போகாது. ஈயோ வண்டோ வந்து, ஒரு தடவை இல்லை, பல தடவை உட்கார்ந்து எழுந்தால்தான் காய் முழுசாகத் திரளும். வரவு குறைந்தால் பிஞ்சு வெம்பி உதிரும், அல்லது ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பி, கோணலாக நிற்கும். 2016, 2017 இரண்டு வருடமும் எனக்குக் கோணல் காய்தான். வியாபாரி அதைக் காலால் தள்ளிவிட்டு நல்லதை மட்டும் எண்ணினான். உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு வேளாண்மைப் பட்டதாரித் தம்பிதான், "அண்ணா, உங்க நிலத்துல ஈயே இல்லையே" என்றான். காலை ஏழு மணிக்குக் கொடிக்கு நடுவில் நின்று பார்த்தேன். உண்மைதான். பூ இருந்தது, வருகிறவர்கள் இல்லை.

இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். 2018 தை மாதம் நான்கு பெட்டி வாங்கி வைத்தேன்.

மாணவத் தம்பிகளுக்காகப் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. தேன்பெட்டி என்பது முழுக்க முழுக்க ஒரு இடைவெளிக் கணக்கு. 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். ஈ நடமாடச் சுமார் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலம், வழி விட்டால் அதை ஈ அடைக்காது. அதற்கு மேல் விட்டால் அடை கட்டிவிடும், குறைத்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். இந்த ஒரு அளவுதான் கழற்றி மாட்டும் சட்டத்துக்கு அடிப்படை. டாலரன்ஸ் பாடத்தில் இதைச் சொல்லித்தந்திருந்தால் நான் இன்னும் நல்ல மார்க் வாங்கியிருப்பேன் சார். நம் ஊர் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது, அளவும் அதற்குத் தக்கபடி குறையும். அதற்கேற்ற சின்னப் பெட்டியை 1910-களில் திருச்சியிலிருந்த நியூட்டன் பாதிரியார் அமைத்தார். இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு வேலையில் அது வீடு வீடாகப் பரவியது. 1991, 92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருவாரியாக அழித்துவிட்டது. அதற்குப் பிறகு பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். நான் வைத்தது அடுக்குத் தேனீ. சாதுவான ஈ என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாதுதான். அதில் பொய்யில்லை.

அந்த வருடம் காய் பிடித்ததைப் பார்க்க வேண்டுமே! பங்குனியில் கொடிக்குக் கொடி உருண்டை உருண்டையாக. வியாபாரி காலால் தள்ளவில்லை. பக்கத்து நிலத்திலும் அப்படியே. ஈக்கு வரப்பு தெரியாது அல்லவா. பக்கத்து நிலம் ஒரு ஆயாவுடையது. எழுபதைத் தாண்டியவர். பேரன்தான் பயிர் வைத்தான். ஆயாவுக்கென்று இருந்தது ஒரு மாடு, கலப்பினம், கறுப்பில் வெள்ளைத் திட்டு. காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றி வரும் பணம்தான் அவர் மருந்துக்கும் வெற்றிலைக்கும்.

ஏப்ரல் பாதியில் அறுவடை முடிந்தது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். அறுவடை முடிந்த நிலம் ஊருக்குப் பொது. காய்ந்த கொடி, உதவாத காய், புல் எல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு தலைமுறைக்கு முன்னாலேயே கேட்டு முடித்துவிட்டார்கள்.

நான் பெட்டிகளை எடுக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன். பெட்டியை மாற்ற இரவு வர வேண்டும், வண்டி வைக்க வேண்டும். எனக்கு ஷிப்ட். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு நண்பன் வந்திருந்தான். அவனுக்குக் காட்ட வேண்டும் என்று பதினோரு மணி வெயிலில் ஒரு பெட்டியைத் திறந்தேன். பூ முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வரும்படி இல்லாத கூடு எரிச்சலில் இருக்கும். இன்று எனக்குத் தெரியும். கையில் ஏழெட்டுக் கொட்டு வாங்கிக்கொண்டு மூடினேன். இருவரும் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனோம். போகும்போது ஆயாவின் மாடு வரப்பு ஓரம் முளைக்குச்சியில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பெட்டிக்கும் அதற்கும் ஒரு இருபது அடி. கயிறு நீளம். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டுக்குக் கழுத்தில் தினவு எடுத்தால் எதிலாவது போய்த் தேய்க்கும். பெட்டி நின்றது ஒற்றைக் குழாயில். மாடு தேய்த்தது, குழாய் சாய்ந்தது, பெட்டி விழுந்து மூடி கழன்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்தபோது மாடு முளையைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு சுருங்கியது. கடைசியில் மூக்கு முளையோடு ஒட்ட, கழுத்து முறுக்கிக் கீழே விழுந்துவிட்டது. எனக்கு முன்னால் ஆயா அங்கே இருந்தார். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்க்கிறார், வரவில்லை. இழுபட்டு இறுகிப்போன முடிச்சு எப்படி வரும்? "கத்தி எட்றா, கத்தி எட்றா" என்று கத்துகிறார். என் நண்பன்தான் கிணற்றடியில் இருந்த அரிவாளைக் கொண்டுவந்து அறுத்தான்.

ஆயாவுக்கு முப்பது கொட்டுக்கு மேல். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். கண் இரண்டும் மூடி, முகம் பூசணிக்காய் மாதிரி. மாடு எழுந்து நின்றுவிட்டது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு, தண்ணீர் காட்டச் சொல்லி, சிறுநீர் நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொன்னார். மாறவில்லை. பிழைத்தது என்று நினைத்தோம். ஆறாம் நாள் கன்று வீசிவிட்டது. ஏழு மாதச் சினை. கொட்டினாலா, விழுந்ததாலா, பயத்தாலா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் பணம் எடுத்துக்கொண்டு போனேன். கிடேரிக் கன்று ஒன்றின் விலையும், ஒரு ஈத்துப் பாலின் கணக்கும் போட்டு ஒரு கவரில் வைத்து நீட்டினேன். ஆயா கவரைத் தொடவில்லை.

"துட்டு இருக்கட்டும். பெட்டிய எட்து உட்டியா?"

"எடுத்துட்டேன் ஆயா."

"மாடு கட்டி இருக்கறத பாத்தியா நீ?"

"பார்த்தேன்."

"பாத்துட்டுத்தா போனியா?"

இந்தக் கேள்விக்கு நான் படித்த எந்தப் பாடத்திலும் விடை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் ஒரு பாகம் உடைந்தால் நாங்கள் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்போம். இங்கிருக்கும் பலருக்கும் அது தெரிந்த முறைதான். அன்றிரவு அதை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். மாடு ஏன் விழுந்தது? கயிறு சுற்றியதால். ஏன் சுற்றியது? ஓடியதால். ஏன் ஓடியும் போக முடியவில்லை? கட்டியிருந்ததால். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அதுவரை நான் ஈயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பியத் தேனீயை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், மனிதனுக்கு உயிராபத்தான அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 கொட்டு என்கிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே மாட்டுக்கு வைத்தால் 300 கிலோவுக்கு ஆறாயிரம் கொட்டு. ஒரு சின்ன நியூட்டன் பெட்டி அத்தனையும் கொட்டித் தீர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அவிழ்த்து விட்ட மாடாக இருந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் போய், நாலு கொட்டோடு தப்பித்திருக்கும். அபாயம் பெட்டியில் பாதி, கயிற்றில் பாதி. தொண்டையிலோ நாக்கிலோ கொட்டி மூச்சு அடைத்தால் அது வேறு. ஒவ்வாமை உள்ள மனிதருக்கு ஒரே கொட்டு போதும், அதுவும் வேறு. கட்டிக்கிடக்கும் கால்நடைக்குக் கயிறுதான் எமன்.

2019-ல் பெட்டி வைக்கவில்லை. பழையபடி கோணல் காய். ஆயாவின் பேரன் குத்தகைக்கு வேறு கூடுதலாக நிலம் எடுத்திருந்தான், அவனுக்கு நஷ்டம் என்னைவிட அதிகம். ஆடி மாதம் ஒரு நாள் வந்து வாசலில் நின்று, "அண்ணா, வர்ற தையில பெட்டி வைக்கறீங்களா?" என்றான். "ஆயா?" என்றேன். "அவங்கதான் அனுப்பினாங்க" என்றான்.

போனேன். ஆயா ஒரே நிபந்தனை வைத்தார். "மாட்டுக்கு வழி பண்ணிட்டு அப்பறம் வை. வழி பண்ணத நான் பாக்கணும்."

இனி சொல்லப் போவது ஆயா பார்த்து, பல தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் சரி என்று தலையாட்டிய ஏற்பாடு. இதைப் புத்தகத்தில் பார்த்துச் செய்யவில்லை. எங்கள் மண்ணுக்கும் எங்கள் வழக்கத்துக்கும் இது சரி. உங்கள் ஊருக்கு அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். எங்கள் பக்கம் கோடையில் பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். தேனீ கொட்டும்போது கொடுக்கோடு ஒரு வாசனையும் விடும், வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும். மற்ற ஈக்களுக்கு அது 'இங்கே வா' என்ற கூப்பாடு. அன்று மாடு கிழக்கே, பெட்டி மேற்கே. மாட்டின் மூச்சும், கொட்டுப்பட்ட வாசனையும் நேராகப் பெட்டிகள் பக்கம் போயிருக்கிறது. இப்போது பெட்டிகளைக் கிழக்கு வரப்புக்கு மாற்றிவிட்டேன். மாடு கட்டுவது மேற்கே, நூறு அடிக்குக் குறையாமல்.

பெட்டிக்கு வாசல் இருக்கும் திசையில் ஈ தாழப் பறந்து போகும், வரும். அந்தப் பாதையில் மாட்டின் தலை குறுக்கிட்டால் வம்பு. வாசலுக்கு எதிரே ஆறடி தள்ளி, ஏழடி உயரத்துக்குப் பனைமட்டைத் தட்டி ஒன்று நிறுத்தினேன். ஈ கிளம்பியதும் தட்டிக்கு மேலே எழும்பித்தான் போயாக வேண்டும். ஒரு முறை உயரம் எடுத்துவிட்டால் கீழே நிற்கிறவனை அது சட்டை பண்ணாது. நான் செய்ததிலேயே செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இந்தத் தட்டிதான்.

வேலி. நான் முள்கம்பி என்றேன். ஆயா முறைத்தார். "மிரண்ட மாடு முள்ளுல பூந்தா வயிறு கிழியும். உனுக்கு ஒண்ணு போவ ஒண்ணா?" சவுக்குக் கழி நட்டு, கீழ்ப்பாதிக்குப் பனைமட்டை கட்டினோம். கழி மாட்டுக்கு, மட்டை ஆட்டுக்கு. வெள்ளாடு சந்து பார்த்துப் பூந்துவிடும், தெரியும்தானே. வேலிக்கும் பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் பத்தடி. மாடு வேலியில் தேய்த்தால் வேலிதான் ஆடும், பெட்டி ஆடாது.

தாங்கி. ஒற்றைக் குழாயில் பெட்டி வைப்பது எறும்புக்காக. குழாயைச் சுற்றி ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும், சிக்கனம். ஆனால் மூன்றடி உயரத்தில் பளு, அடியில் ஒன்றரை அடி மண். முதலாண்டு மாணவன்கூட இதைப் பார்த்துச் சிரித்திருப்பான். நான் பொறியாளன், பார்த்தும் தோன்றவில்லை. இப்போது ஆங்கிள் இரும்பில் நாலு கால், அகலமாக விரித்து, ஒன்றேகால் அடி உயரம்தான், கால்கள் கான்கிரீட்டில். நாலு காலுக்கும் நாலு எறும்புக் கிண்ணம். பெட்டியையும் மூடியையும் சேர்த்துப் பழைய லாரி டியூபை வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுகிறேன். உருண்டாலும் திறக்காது.

தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ஆயாதான் சொன்னார். விபத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஈக்கள் அவருடைய கழுநீர்த் தொட்டியில் வந்து மொய்த்துக்கொண்டிருந்தனவாம். "மாடு வாய வெக்க பயப்படுது"ன்னு பேரனிடம் சொல்லியிருக்கிறார். அவன் என்னிடம் சொல்லவில்லை. வெயில் காலத்தில் கூட்டைக் குளிர வைக்க ஈக்குத் தண்ணீர் வேண்டும். கொஞ்சம் உப்புக் கரிக்கும் தண்ணீர் என்றால் அதற்கு இன்னும் பிரியம். ஒரு இடத்தைப் பழகிவிட்டால் லேசில் விடாது. ஆகவே பெட்டி வந்து இறங்கும் அன்றே, வேலிக்குள்ளே, அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துவிட வேண்டும். ஒரு நாள்கூட அது வற்றக்கூடாது. மார்ச்சில் ஞாபகம் வந்து வைத்தால் பிரயோசனமில்லை. அதற்குள் ஈ மாட்டுத் தொட்டியைக் கண்டுபிடித்திருக்கும்.

இனி கயிறு. இதற்குத்தான் நாள் பிடித்தது. இயந்திரங்களில் ஷியர் பின் போடுகிறோம். பளு மிஞ்சினால் பின் உடையும், இயந்திரம் தப்பும். மாட்டுக் கயிற்றுக்கும் முளைக்குச்சிக்கும் நடுவில் ஒரு பலவீனமான இணைப்பு வைத்தால் என்ன? தேங்காய் நார்க் கயிற்றின் ஒரு புரியைப் பிரித்து, அதை வளையமாகக் கட்டி, முளையையும் தாம்புக் கயிற்றையும் அதில் கோத்தேன். சாதாரணமாகப் புல்லுக்கு இழுத்தால் தாங்க வேண்டும், மிரண்டு பாய்ந்தால் அறுந்துவிட வேண்டும். எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? 2020 காணும் பொங்கல் அன்று, முதல் நாள்தான் கொம்புக்கு வர்ணம் அடித்திருந்த மாட்டை வைத்துக்கொண்டு, தூக்குத் தராசு ஒன்றைக் கயிற்றில் மாட்டி அளந்தோம். ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு புரி சும்மாவே அறுந்தது. மூன்று புரி அறவே இல்லை. இரண்டு புரி சரியாக வந்தது.

ஆயாவுக்கு இதில் ஒரு ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். "அத்துக்குனு போயி எவன் வூட்டு நெல்லுலயாவது வாய வெச்சா? அவன் மாட்ட புட்சி கட்டிப்பான். நீ வந்து மூட்டுத் தருவியா?" பாதுகாப்பு என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாராவது கொடுத்தாக வேண்டும். பேசி முடிவு செய்தோம். பெட்டி நிலத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் நார் வளையம். அந்த மாதங்களில் மாடு அறுத்துக்கொண்டு போய் யார் பயிரைத் தின்றாலும் நஷ்டம் என்னுடையது. இதுவரை இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஈயால் இல்லை. நார் வெயிலில் மக்கி அறுந்தது. அதிலிருந்து வாராவாரம் வளையத்தை மாற்றுகிறோம்.

கடைசியாக என் கை. பெட்டியைத் திறப்பது மாலை நாலரைக்கு மேல், மாடுகள் வீடு திரும்பிய பிறகு, தேங்காய் மட்டைப் புகை போட்டு. புகை அந்தக் கூப்பாட்டு வாசனையை மறைக்கும், ஈயும் தேனைக் குடித்து வயிறு நிறைந்து மந்தமாகும். நண்பர்களுக்குக் காட்டுவதற்காகத் திறப்பதில்லை. பூ முடிந்த வாரமே பெட்டி கிளம்பிவிடும். மூன்றடி நகர்த்து, இல்லாவிட்டால் மூன்று மைல் நகர்த்து என்று தேன்காரர்கள் சொல்வார்கள். நடுவில் எங்கே வைத்தாலும் வெளியே போன ஈ பழைய இடத்துக்கே திரும்பிவரும். எனக்கு மூன்று மைலுக்கு அப்பால், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் இருக்கிறார்.

இங்கே ஒரு சின்ன விலகல். 2000-க்குப் பிறகு கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் தேன்பெட்டி வேலி என்று ஒன்றை அமைத்தார். கம்பத்துக்குக் கம்பம் பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் கம்பியால் பிணைப்பது. யானை வந்து கம்பியை முட்டினால் பெட்டிகள் ஆடும், ஈ வெளியே வரும், யானை ஓடும். நம் நாட்டிலும் கதர் கிராமத் தொழில் ஆணையம் 2021-ல் குடகுப் பகுதியில் யானை வரும் வழியில் பெட்டிகளை வைத்தது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தெரியாமல் செய்த விபத்தை அவர்கள் தெரிந்தே ஒரு கருவியாக்கியிருக்கிறார்கள்! வித்தியாசம் ஒன்றுதான். யானைக்கு ஓட இடம் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் போய்ப் பார்த்திருப்பீர்கள். பால் கறக்கிறான் ஒருவன், பசு கன்றை நக்கிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 2018-க்குப் பிறகு ஒரு தடவை வெளியூர் விருந்தாளிகளோடு போனேன். அந்தப் பசுவுக்கு முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. சரி, அதை விடுங்கள்.

ஆட்டுக்கிடை பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. அறுவடைக்குப் பிறகு எங்கள் பக்கம் மெட்ராஸ் சிகப்பு ஆடு என்ற நாட்டு இனத்தைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிவந்து கிடை போடுவார்கள். உரோமம் குட்டை, நிறம் செங்காவி. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது, அது அதற்குக் கறுப்பு மாதிரிதான். கறுப்பும், அசைவும், மூச்சுக் காற்றும் சேர்ந்தால் கூட்டுக்குக் கரடி வந்ததுபோலத்தான். ஆட்டுக்காரர் ஒரு இடத்தில் நிற்கிறவர் இல்லை. யார் நிலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் வேலியின் நாலு மூலையிலும் பழைய வெள்ளை வேட்டித் துணி கட்டிவைத்திருக்கிறேன். 'தேன்பெட்டி' என்று போர்டும் எழுதினேன். போர்டை யாரும் படிக்கவில்லை, துணியை எல்லோரும் பார்த்தார்கள்.

இதையெல்லாம் செய்யும்போது எனக்கு உதவியது ஒரு இருளர் பெரியவர். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை உங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பாம்பைப் பற்றி அவர்களைக் கேட்க உலகமே வருகிறது. தேனைப் பற்றிக் கேட்க நாம் பக்கத்துத் தெருவுக்குப் போவதில்லை. அந்தப் பெரியவர் என் வேலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ராத்திரில டார்ச் எட்துனு கிட்ட வராத. ஈ ராத்திரில பறக்காது, ஊர்ந்து வந்து கால்ல ஏறும்" என்றார். அது உண்மை என்பதை அடுத்த வாரமே தெரிந்துகொண்டேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

2020-ல் காய் அபாரமாகப் பிடித்தது. அறுக்கும் நேரத்தில் ஊரடங்கு. லாரி இல்லை, வியாபாரி இல்லை, கடற்கரைச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. குவியல் குவியலாகப் பழம் கிடந்தது. தொழிற்சாலையும் மூடியிருந்ததால் நான் தினமும் நிலத்தில்தான். கடைசியில் அவ்வளவையும் பிளந்து மாடுகளுக்குப் போட்டோம். ஆயாவின் மாடு கொம்பெல்லாம் சிவப்புச் சாறு வழிய நின்று தின்றதை நான் மறக்க மாட்டேன். அப்போது அது மறுபடி சினை.

மாணவர்கள் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால், ஆபத்து வந்தபின் செய்ய வேண்டியதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டை அடித்து ஈயை விரட்டாதீர்கள். முதலில் கயிற்றை அறுங்கள்; அதற்காக வேலியில் ஒரு அரிவாள் எப்போதும் தொங்க வேண்டும். நீங்கள் முகத்தை மூடிக்கொள்ளாமல் கிட்டே போகாதீர்கள். இருட்டான கொட்டகைக்குள் மாட்டை ஓட்டுங்கள், ஈரச் சாக்கு போர்த்துங்கள், புகை போடுங்கள். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு, நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கி நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ கத்தி முதுகாலோ எவ்வளவு சீக்கிரம் வழித்து எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. மனிதருக்கு மூச்சு இரைத்தாலோ, மயக்கம் வந்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ 108-க்கு அடியுங்கள், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்றாவது வருடம் ஒரு ஆட்டுக்குட்டி மட்டையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மூக்கில் ஐந்தாறு கொட்டு வாங்கிக்கொண்டு வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. நான்கு பெட்டி இப்போது ஆறு. ஆயா இன்னும் அந்தக் கவரை வாங்கவில்லை. பால் மட்டும் எனக்கு அங்கிருந்துதான். அளவில் குறைவாக ஊற்றுகிறார், நான் கேட்பதில்லை.

கூடலுக்கு வந்த நண்பர்கள் சிலர் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாராளமாக வாருங்கள், தை முதல் பங்குனி வரை அங்கேதான் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். கறுப்புச் சட்டை வேண்டாம், சென்ட் வேண்டாம். வேலிக்குள் போவதற்கு முன்னால் மேற்கு வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்வரை அவர் உங்களை உள்ளே விட மாட்டார்.